ஹெலி வந்தால் ஓடாதே

போன ஞாயிறு மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் நானும் அக்காவின் மகனும் ஒரு துடுப்பை மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தோம். கரைவலை இழுத்து முடித்துக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழும்பி வந்து பார்த்துவிட்டு, “என்ன மனே, தோணியைக் காணல்ல, நங்கூரம் மட்டும் போடுறீங்க?” என்றார். மருமகன் வெட்கத்தில் சிரித்தான்.

டிசம்பரில் அவன் சுவிஸுக்குப் போகிறான், பேர்ணில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு. தம்பியின் பிள்ளைகள் நடக்கப் பழகின கையோடு ஸ்கி, அதாவது காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது, பழகினவர்கள். “மச்சான், உன்னைக் கிளெட்சருக்குக் கூட்டிக்கொண்டு போவோம்” என்று வட்ஸ்அப்பில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிளெட்சர் என்றால் பனியாறு. வாக்குக் கொடுத்தவர்கள் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் துடுப்பு: ஸ்கிக்குப் பதிலாக அதைப் புதைத்துக் கயிறு கட்டப் பழகினோம்.

நான் வாலிஸ் மாநிலத்துச் சாஸ் ஃபேயில் ஒரு ஹொட்டேல் குசினியில் 19 வருடம் வேலை செய்தவன். 34 வயதில்தான் முதன்முதலாகக் காலில் ஸ்கி மாட்டினேன். வழிகாட்டி இல்லை, மீட்புப் படைக்காரனும் இல்லை. அந்த ஊர் ஆட்களோடு ஓடி, அவர்களிடம் ஏச்சு வாங்கிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முறையாகப் பழக விரும்புகிறவர்களுக்கு சுவிஸ் அல்பைன் கிளப் பனியாற்று வகுப்பு நடத்துகிறது. அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்புக்குப் போகும்முன் வாசித்துவிட்டுப் போனால் வாத்தியார் சொல்வது கெதியாக விளங்கும், அவ்வளவுதான்.

முதலில் பனியாறு என்றால் என்னவென்று பார்ப்போம். அது உறைந்துபோய்க் கிடக்கும் குளம் இல்லை. உண்மையிலேயே ஆறுதான், மெதுவாக, மிக மெதுவாக மலையிலிருந்து வழுகி இறங்கிக்கொண்டே இருக்கும். அல்ப்ஸ் மலையில் மிக நீளமான அலெட்ச் பனியாறு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அடியில் பாறை மேடு வந்தால் மேலே போகிற பனிக்கட்டி வளைய வேண்டும். ஆறின ரொட்டியை முழங்காலில் வைத்து மடக்கிப் பாருங்கள், மேல்பக்கம் வெடிக்கும். பனிப்பிளவு உண்டாவதும் அப்படித்தான். மாரி பொய்த்த வருடத்தில் குளத்து அடியில் வெடிப்பு விடுமே, அது காய்ந்து வெடிப்பது. இது இழுபட்டு வெடிப்பது. ஆழம் 30 மீட்டரையும் தாண்டும்.

ஆகவே சரிவு வளைந்து இறங்கும் முதுகுகள், பனியாறு திரும்பும் வளைவுகள், பாறையோடு உரசும் ஓரங்கள், உச்சியில் பனி மலையை விட்டுப் பிரியும் இடம் எல்லாம் பிளவுக்குரிய இடங்கள். கோடையில் பனி கரைந்த கீழ்ப்பகுதியில் அவை வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. குளிர்காலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வருகிற பனி அந்த வாயை மூடி மேலே ஒரு மூடி போடும். அதைப் பனிப்பாலம் என்பார்கள். ஐந்து பேரைத் தாங்கும் பாலமும் உண்டு, ஒரு நாயைத் தாங்காத பாலமும் உண்டு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை.

நமது ஊரில் இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிடும்போது கரையோரத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? காலுக்குக் கீழே மணல் திடமாகத்தான் இருக்கும். அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. பெரியவர்கள் “பின்னுக்கு வா, பின்னுக்கு வா” என்று கத்துவது அதற்குத்தான்.

மருமகனுக்கு நான் முதலில் சொன்னது டிசம்பரைப் பற்றி. பனி புதிது, அழகாக இருக்கிறது என்று எல்லோரும் ஓடுகிற காலம் அது. பனியாற்றுக்கு அது நல்ல காலம் இல்லை. பாலங்கள் மெல்லிசு, பனி இன்னும் இறுகியிருக்காது. மார்ச், ஏப்ரலில் பல மாதத்துப் பனி அமுங்கிக் கெட்டிப்பட்டிருக்கும், அப்போதும் காலையில்தான். மதிய வெயிலில் அதே பாலம் கஞ்சியாகிவிடும். இன்னொன்று, பழைய அனுபவத்தை நம்ப வேண்டாம். சுவிஸ் பனியாறுகள் 2022இல் ஒரே வருடத்தில் 6 வீதமும் 2023இல் 4 வீதமும் கரைந்துபோயின. பத்து வருடத்துக்கு முன் அப்பா ஓடின பாதை இன்றைக்கு அதே இடத்தில் இல்லை.

சரி, போகிறதென்றால் எங்கே போகலாம்? சாஸ் ஃபே, செர்மாட், தித்லிஸ் போன்ற இடங்களில் பனியாற்றின் மேலேயே ஸ்கி ஓடுபாதை இருக்கிறது. இயந்திரம் விட்டுச் சமப்படுத்தி, பிளவுகளைப் பார்த்து நிரப்பி, இரு பக்கமும் கம்பு நட்டிருப்பார்கள். கம்புகளுக்கு நடுவில் ஓடுகிறவனுக்கு நான் எழுதுகிற கயிறு, கொக்கி எதுவும் தேவையில்லை. புதிதாகப் பழகுகிறவன் அங்கேயே நிற்க வேண்டும். மருமகனிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். ஸ்கி திருப்பத் தெரியாதவனைப் பனியாற்றின் திறந்த வெளிக்குக் கூட்டிப்போவது நீச்சல் தெரியாதவனைக் கரைவலைத் தோணியில் ஏற்றுவது மாதிரி.

ஸ்கியே ஓடாமல் யுங்ஃப்ராவ்யோக்கிலோ தித்லிஸிலோ படம் எடுக்கப் போகிற நம்மவர்களுக்கும் அதே பேச்சுத்தான். யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். பிதுருதலாகலையைப் போல ஒன்றே கால் மடங்குக்கும் மேல். சப்பாத்துக் காலோடு வேலிக் கயிற்றைத் தாண்டி ஓர் எட்டு வைத்துப் படம் எடுக்கிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கயிறு அழகுக்குக் கட்டினது இல்லை.

நான் விழுந்த கதை

ஏப்ரல் மாதம், மதியம் ஒரு மணி இருக்கும். நாங்கள் நான்கு பேர், முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவர். நின்று தேநீர் குடித்தோம். எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் போல இருந்தது. கூச்சத்தில் பத்து மீட்டர் தள்ளிப்போய் ஸ்கியைக் கழற்றினேன். மூன்றாவது எட்டில் இடதுகால் இறங்கியது, அதோடு வலதும். கைகளை விரித்ததால் மார்போடு தடுத்து நின்றுவிட்டேன். கீழே கால் ஆட்டினால் எதுவும் படவில்லை. குசினியில் குளிர் அறைக் கதவைத் திறக்கும்போது கணுக்காலில் ஒரு காற்று வந்து மோதுமே, அந்தக் காற்று கீழேயிருந்து காற்சட்டைக்குள் ஏறியது. பயத்தைவிட அந்தக் குளிர்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முன்னால் வந்தவர் ஓடிவரவில்லை. அதுதான் அவர் செய்த நல்ல வேலை. “அசையாதே” என்று கத்திவிட்டு, தன் ஸ்கியோடேயே தூரத்தில் நின்று கயிற்றை எறிந்தார். மற்றவர்களும் ஸ்கியைக் கழற்றாமல் நின்றபடியே இழுத்தார்கள். மேலே வந்த பிறகு அவர் ஏசின ஏச்சு அந்த ஊர் ஜெர்மன் பாஷையில் இருந்ததால் பாதிதான் விளங்கியது.

அந்த ஒரு விழுகையிலேயே பாடம் முழுவதும் இருக்கிறது. ஸ்கி உங்கள் பாரத்தை இரண்டு நீளப் பலகையில் பரப்பி வைக்கிறது. கழற்றின மறுகணம் முழுப் பாரமும் ஒரு சப்பாத்தின் அடியில். ஒன்றுக்கு வந்தால் ஸ்கியோடு, தடத்துக்குள்ளேயே, எல்லோரும் மறுபக்கம் பார்க்கட்டும். தேநீருக்கு நிற்பதென்றாலும் முன்னால் போகிறவர் காட்டின இடத்தில்தான் நிற்க வேண்டும், ஒரே இடத்தில் குவியக்கூடாது. ஓடும்போது அவருடைய தடத்தை விட்டு விலகக்கூடாது, ஆளுக்கு ஆள் இடைவெளி வேண்டும். பனியில் நீளமாக, சாடையாக அமுங்கின ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் பாலத்தின் முதுகு. அதன் நீளப்பாட்டுக்கு ஓடாமல் குறுக்காக, கெதியாகக் கடக்க வேண்டும்.

இடுப்பில் ஹார்னஸ், அதாவது கயிறு மாட்டுகிற பட்டி, கட்டாயம். சுவிஸ் ஆட்கள் அதை க்ஷ்டெல்ட்லி என்பார்கள், சொல்லிப் பழகவே ஒரு வாரம் போகும். அதைப் பையில் வைத்துக்கொண்டு “தேவைப்பட்டால் போடுவோம்” என்றால் தேவைப்படும்போது நீங்கள் கீழே இருப்பீர்கள். ஹார்னஸிலிருந்து ஒரு நாடாவை மேலே கொண்டுவந்து தோள்பட்டையில் கொக்கியோடு விட்டுவையுங்கள். ஒடுங்கின பிளவில் மாட்டுப்பட்டவனின் இடுப்புக்குக் கை எட்டாது, தோளுக்கு எட்டும்.

கயிறு 30 மீட்டர் வேண்டும். இப்போது ஸ்கிக்காரருக்கென்று 6 மில்லிமீட்டர் மெல்லிய கயிறு வருகிறது, பாரம் கிடையாது. ஆனால் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒரே கயிறுதான், அதை முன்னால் போகிறவர் சுமக்கிறார், விழுந்ததும் அவரே என்றால் மேலே நிற்கிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். சறுக்கி இறங்கும்போது பெரும்பாலும் கயிறு கட்டாமல்தான் ஓடுவார்கள். நடந்து ஏறும்போதும், மூட்டத்தில் எதுவும் தெரியாதபோதும், பிளவு நிறைந்த இடத்திலும் கட்டிக்கொள்ள வேண்டும். பூட்டுக் கொக்கிகள், நாடாக்கள், சிறு கயிற்று வளையங்கள், பனி திருகாணி ஒன்றிரண்டு, தலைக்கவசம், தலை விளக்கு, ஆள் நுழைந்து கிடக்க, காற்றை மறைக்கிற பை ஒன்று. பட்டியலை இதோடு விடுகிறேன், கடைக்காரன் மிச்சத்தை விற்பான்.

துடுப்பும் தென்னையும்

இப்போது துடுப்புக்கு வருவோம். ஒருவன் கீழே விழுந்துவிட்டான். மேலே நிற்கிறவர்கள் கயிற்றைக் கட்ட மரமில்லை, கல் இல்லை, வெறும் பனி. அப்போது ஸ்கியையே நங்கூரமாகப் புதைக்க வேண்டும்.

பிளவின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, இழுபடும் திசைக்குக் குறுக்காக, ஸ்கியின் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். ஆழம் அரை மீட்டருக்குக் குறையக்கூடாது. பனி பொலபொலவென்று இருந்தால் ஒரு மீட்டர். ஸ்கியைப் படுக்கையாக வைத்து நடுவில் நாடாவைப் போடுங்கள். ஸ்கியின் விளிம்பு கத்தி மாதிரி, நாடா படுகிற இடத்தில் கையுறையோ துணியோ வைத்துச் சுற்ற வேண்டும். அப்புறம்தான் முக்கியமான வேலை. வாய்க்காலின் நடுவிலிருந்து பிளவுப் பக்கமாக நாடா போக ஓர் ஒடுங்கின கீறல் வெட்ட வேண்டும், சாய்வாக மெல்ல மேலே ஏறும்படி. இங்கிலீசு ‘T’ எழுத்து மாதிரி இருக்கும். மூடி மிதித்து இறுக்குங்கள். ஆனால் ஸ்கிக்கு முன்னால் இருக்கிற பனிச்சுவரில் மட்டும் காலே வைக்கக்கூடாது, பாரத்தைத் தாங்கப்போவது அந்தச் சுவர்தான்.

கடற்கரையில் மருமகன் முதல் தடவை கீறலை வெட்டாமல் விட்டான். நாடா நேரே மேலே வந்தது. நான் ஒருவன் இழுத்தேன், பாத்தியிலிருந்து பனங்கிழங்கு பிடுங்கினாற்போலத் துடுப்பு கிளம்பி வந்துவிட்டது. இரண்டாம் தடவை கீறல் வெட்டிப் புதைத்தான். நானும் அவனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து இழுத்தோம், அசையவில்லை. கரைவலைக்காரரும் வந்து கயிற்றில் தொங்கிப் பார்த்தார். ஈர மணலில் ஒரு மயிர்க்கோடு மட்டும் விட்டது. “இது நாங்க குத்தி தாட்டு வள்ளம் கட்டுறதுதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளிம்புக்குப் போகிறவர் தானும் அந்த நங்கூரத்தில் கட்டிக்கொண்டு, பனியைக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே, கடைசியில் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். கயிறு விளிம்பில் அறுத்துக்கொண்டு உள்ளே புதையும். அதற்கு அடியில் ஒரு ஸ்கித் தடியோ பையோ கொடுத்துவிட்டால் இழுக்கலாம். கீழேயிருப்பவனின் குரல் மேலே வராது. பனி சத்தத்தை விழுங்கும். பதில் இல்லை என்பதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள்.

விழுந்தவன் சுயநினைவோடு இருந்தால் அவனுக்கும் வேலை இருக்கிறது. முதலில் சட்டை, கையுறை எல்லாவற்றையும் போட்டு மூட வேண்டும், கீழே குளிர் கொல்லும். பையைக் கழற்றிக் கயிற்றில் தனக்குக் கீழே தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அவனை மல்லாக்க இழுக்கும். கயிற்றில் தானே ஏறி வரவும் முடியும். சிறு கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி அதற்குள்ளாலேயே இழுத்தால், கையால் தள்ளும்போது வழுகும், பாரம் விழுந்தால் கடித்துப் பிடிக்கும். ஒரு வளையம் இடுப்புக்கு, ஒன்று காலுக்கு. காலில் எழும்பி நின்று இடுப்பு வளையத்தை ஏற்று. இடுப்பில் தொங்கிக் கால் வளையத்தை ஏற்று. தளைநார் போட்டுத் தென்னையில் ஏறுகிறவரைப் பார்த்தவனுக்கு இதை இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. மருமகன் அக்கா வீட்டு மாங்கொப்பில் அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டான். அக்கா கத்தினதெல்லாம் கொப்பு முறிந்துவிடும் என்றுதான்.

பனிச்சரிவைப் பற்றிச் சுருக்கமாக. தாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிவித்தல் விடுகிறது, 1 முதல் 5 வரை அபாய அளவோடு. 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைப்பது பிழை. உயிரிழப்பில் பெரும் பங்கு அந்த 3இல்தான் நடக்கிறது. 30 பாகைக்கு மேல் சரிந்த இடங்களைத் தவிருங்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் மூடுண்டவனைத் தேடிப் பிடிக்க சிக்னல் விடுகிற தேடல் கருவி, பையில் மண்வெட்டியும் நீளக் கம்பியும் வேண்டும். போனைக் கருவியிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. மூடுண்டவனுக்கு நல்ல வாய்ப்பு முதல் கால் மணித்தியாலம்தான். அதற்குள் எந்த ஹெலிகொப்டரும் வந்து சேராது. கூட நிற்கிறவர்கள்தான் கிண்டி எடுக்க வேண்டும்.

ஹெலி

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2006 மார்ச்சில் என்னோடு குசினியில் வேலை செய்த போர்த்துக்கல்காரர் ஒருவர் ஓடுபாதைக்கு வெளியே விழுந்து காலை முறித்தார். நான்தான் 144க்கு அடித்தேன். இருபது நிமிடத்தில் மலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. போர்த்துக்கல்காரரை விட்டுவிட்டு நான் ஒரு பாறையின் அடியில் போய்க் குப்புறக் கிடந்தேன். மட்டக்களப்பில் எண்பதுகளில் வளர்ந்தவனுக்கு ஹெலி என்றால் காப்பாற்ற வருவது இல்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவா. பல வருடம் கழித்து, 3,000 மீட்டர் உயரத்தில், உடம்புக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மேலே சுற்றினவர்களுக்குக் கீழே கிடந்தது ஒரு காயக்காரனா இரண்டு காயக்காரரா என்று குழப்பம். அன்றைக்கு நான் வேறு பிழைகளும் விட்டேன். அடையாளத்துக்காக என் சிவப்பு ஜக்கெட்டைப் பனியில் விரித்திருந்தேன், விசிறியின் காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. ஸ்கி இரண்டையும் பக்கத்தில் நட்டுவைத்திருந்தேன். இறங்கி வந்தவர் முதலில் காயக்காரரைப் பார்க்கவில்லை, அந்த ஸ்கியைப் பிடுங்கிப் படுக்கப் போட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

நம்மவர்களில் என் வயதுக்காரருக்கு ஓடி ஒளியத் தோன்றும். பிள்ளைகளுக்கு ஓடிப்போய் வரவேற்கத் தோன்றும். இரண்டும் கூடாது.

அழைப்பதிலிருந்து தொடங்குவோம். ஊரில் சுவசரிய அம்புலன்சுக்கு 1990 என்று மனப்பாடமாக இருக்கிறதல்லவா, அதுபோல. சுவிஸில் ஹெலி மீட்புக்கு 1414. அது ரேகா, 1952இல் தொடங்கின அமைப்பு. நம்மவர் வாயில் அது ஒரு பெண்பிள்ளையின் பேராகவே ஆகிவிட்டது, “ரேகாவைக் கூப்பிட்டாச்சா?” என்பார்கள். வாலிஸ் மாநிலத்தில் மட்டும் 144. அங்கே பறப்பவை ஏர் செர்மாட்டும் ஏர் கிளேசியர்ஸும். ஒஸ்திரியா மலைகளில் 140. எதுவும் ஞாபகம் வராவிட்டால் ஐரோப்பா முழுக்க 112. ரேகாவின் செயலியை (app) முன்கூட்டியே போனில் போட்டுவைத்தால் நீங்கள் நிற்கிற இடம் தானாகவே அவர்களுக்குப் போகும்.

ஜெர்மன் தெரியாது என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் கதைக்கலாம். யார், எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவோடு இருக்கிறாரா, அங்கே காற்றும் மூட்டமும் எப்படி, பக்கத்தில் கம்பிவடம் ஏதும் போகிறதா. இவற்றைச் சொல்லி, அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு போனைச் சும்மா விடுங்கள், அவர்கள் திரும்ப எடுப்பார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அடிபட்ட அடுத்த நிமிடம் சூரிச்சில் இருக்கிற சித்தப்பாவுக்கும், லண்டன் மாமிக்கும், மட்டக்களப்பில் அம்மாவுக்கும் அடிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அம்மாவால் கல்லடியிலிருந்து கயிறு விட முடியாது. குளிரில் பற்றரியும் கெதியாக இறங்கும், போனை உள்சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். சிக்னல் இல்லாவிட்டால் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு 6 தடவை, பத்து விநாடிக்கு ஒன்றாக. ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். பதில் நிமிடத்துக்கு 3 தடவை வரும்.

கைச் சாடை இரண்டுதான். இரண்டு கையையும் மேலே விரித்துத் தூக்கினால் “ஆம், உதவி வேண்டும்.” ஒரு கை மேலே, ஒரு கை கீழே சரித்துப் பிடித்தால் “இல்லை, வேண்டாம்.” இது தெரியாமல் ஒருமுறை சும்மா போன ஹெலிக்கு நான் சந்தோசத்தில் இரண்டு கையையும் ஆட்டப்போய், அது வட்டமடித்துத் திரும்பி வந்துவிட்டது. என்னோடு வந்தவர்கள் ஒரு கையை இறக்கச் சொல்லிக் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது.

இறங்க இடம் 25 மீட்டருக்கு 25 மீட்டர் தடையில்லாமல் வேண்டும். நேரம் இருந்தால் நடுவில் பனியை மிதித்து இறுக்குங்கள். தொப்பி, கையுறை, பை, தகடு மாதிரி மினுங்குகிற போர்வை, ஸ்கி எல்லாவற்றையும் கட்டி, தள்ளி, படுக்க வைத்துப் பாரம் ஏற்றுங்கள். காயக்காரருக்குப் போர்த்தின போர்வையை அவருக்கு அடியில் செருகி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் இறங்கு இடத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும், காற்று அவர் முதுகில் அடிக்கும்படி, இரண்டு கையையும் தூக்கி. ஹெலி கிட்ட வந்ததும் அப்படியே முழங்காலில் குந்தி, அசையாமல் இருக்க வேண்டும். பனித்தூள் கிளம்பி எல்லாம் வெள்ளையாகும்போது விமானியின் கண்ணுக்குத் தெரிகிற ஒரே குறி நீங்கள்தான். நீங்கள் நகர்ந்தால் அவருடைய தரை நகர்கிறது. முகத்தில் ஊசி குத்தினாற்போலப் பனி அடிக்கும். குந்தியே இருங்கள்.

உள்ளேயிருப்பவர் கை காட்டும்வரை கிட்டப் போகாதீர்கள். போகும்போது முன்பக்கமாக, குனிந்து, விமானியின் கண்ணில் பட்டபடி. வாலின் பக்கம் ஒருபோதும் இல்லை. சரிவென்றால் மேட்டுப்பக்கத்திலிருந்து இறங்கி வராதீர்கள், அங்கே விசிறி தலைக்கு எட்டும். ஸ்கியைத் தோளில் வைக்காமல் இடுப்பளவில் படுக்கையாகப் பிடியுங்கள். மேலேயிருந்து கம்பியில் கொக்கி இறங்கினால் அது நிலத்தில் தொடும்வரை கையால் பிடிக்காதீர்கள், மின் அதிர்ச்சி அடிக்கும். அந்தக் கொக்கியை உங்கள் நங்கூரத்திலோ வேறெதிலோ மாட்டவே கூடாது. மாட்டுவது இறங்கி வருகிறவரின் வேலை. வெள்ளக் காலத்தில் நமது பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலி இறங்கினாலும் இதே முறைதான். அங்கே ஜக்கெட்டுக்குப் பதிலாகத் தகரம் பறக்கும்.

மூட்டமும் காற்றும் இருந்தால் ஹெலி வராது. மணிக்கணக்கில் இருக்க வேண்டி வரலாம். காயக்காரரின் அடியில் பை, கயிறு, கிடைத்ததெல்லாம் போட்டு, காற்றை மறைத்து, கதைத்துக்கொண்டே இருங்கள். சாராயம் கொடுக்காதீர்கள், அது இருக்கிற சூட்டையும் வெளியே விடும். நடுக்கம் நின்று மயங்கத் தொடங்கினால் ஆளைப் புரட்டாமல், எழுப்பி நடத்தாமல், மெதுவாகக் கையாளுங்கள்.

காசைப் பற்றி அக்கா கேட்டா. ஹெலி ஒருமுறை பறந்தால் பல ஆயிரம் பிராங்க். சுவிஸில் வாரம் குறைந்தது 8 மணித்தியாலம் ஒருவரிடம் வேலை செய்கிறவருக்கு விபத்துக் காப்புறுதி அதை ஏற்கும். கிராங்கன்காசா, அதாவது மருத்துவக் காப்புறுதி, என்றால் மீட்புச் செலவில் பாதி, வருடத்துக்கு 5,000 பிராங்குக்கு மேல் இல்லை. மருமகன் மாதிரி விசாவில் போகிறவர்கள் 30,000 யூரோவுக்குக் காப்புறுதி எடுத்தால்தான் விசா கிடைக்கும், ஆனால் அந்தத் தாளில் பனி விளையாட்டும் மலை மீட்பும் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள். அவனுடையதில் அடங்கவில்லை. மாற்றி எடுத்திருக்கிறோம்.

துடுப்பைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது தெற்கே, கரையோரமாக ஒரு ஹெலி வந்தது, விமானப்படையினுடையது. மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுகா ஒரு கையை மேலே தூக்கி, மற்றதைக் கீழே சரித்து, முழங்கையை நேராக்கி நின்றான். கரைவலைக்காரர்கள் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாறை தேடவில்லை. தேட அங்கே பாறையும் இல்லை.